பகலில் தூங்குகிறவரின் மகள்

கல்மண்டபத்துக்குப் பின்னால், கடலுக்குப் போகிற சந்தில் இருந்தது அருள்நாதன் வீடு. அந்த வீட்டில் பகல் நேரத்தில் யாரும் குரலெடுத்துப் பேசமாட்டார்கள். ராத்திரி முழுக்க ஹார்பரில் கப்பல்மீது நின்று வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் வந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு அவர் படுத்தாரென்றால், கோயிலில் சாயங்கால மணி அடிக்கிறவரைக்கும் வீடு அவருக்குச் சொந்தம். அதற்குள் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள்.

பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளும்படி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். ராத்திரியில்தான் தனக்குக் கை நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டார், என்னமோ வீணை வாசிக்கிறவர் மாதிரி.

கையை நம்பித்தான் அவர் பிழைப்பு. கப்பலின் சரக்கு அறைக்கு மேலே, விளிம்பில் நிற்க வேண்டும். கீழே பள்ளத்தில் ஆட்கள் மூட்டைகளை வலையில் அடுக்குவார்கள். வலையைத் தூக்குகிற விஞ்சு இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்குப் பள்ளம் தெரியாது. அருள்நாதனின் கை மட்டும்தான் தெரியும். ஒரு விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரித்தால் நிறுத்து. விஞ்சு போடுகிற கூச்சலில் வாயால் சொல்லி ஒன்றும் ஆகாது. நிறுத்து என்று கை விரிந்துவிட்டால் கேள்வியே கிடையாது. ஏன், எதற்கு என்று யோசிக்கிற நேரத்தில் கீழே ஒருத்தன் தலை போய்விடும்.

இந்தக் கைப்பாஷை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பேசக்கூடாத வீட்டில் வேறு என்னதான் செய்வார்கள். உலையை இறக்கு, கதவை மெல்லச் சாத்து, வாசலில் வந்து நிற்கிறவளைப் பேச்சை நிறுத்தச் சொல்லு, எல்லாம் கையாலேயே நடந்தது. அருள்நாதனே தூக்கத்தில் புரண்டு, கண்ணைத் திறக்காமல், இரண்டு கைகளையும் தூக்கி விரிப்பதுண்டு. அப்போது யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் பாதி வார்த்தையில் நின்றுவிட வேண்டும். ஒரே மகள் டோரதி தவழ்கிற வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து முணுமுணுவென்று படிப்பாள். அந்த முணுமுணுப்பு இருந்தால்தான் அவருக்கு நல்ல தூக்கம் வரும். அப்படியே பள்ளிக்கூடம் முடித்தாள், பி.எஸ்ஸி. முடித்தாள். இப்போது கடற்கரைக்கு எதிரே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருஷம்.

சிக்கல் அங்கேதான் வந்தது. ராமேஸ்வரம் பக்கத்தில் கடலோர ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் டோரதிக்கு இடம் கிடைக்கும்போல் இருந்தது. போனால் சில வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். பெற்றவர்கள் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் அனுப்புவேன் என்று பேராசிரியை வரலட்சுமி சொல்லிவிட்டார். பல்கலைக்கழக நாளன்று பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லாரும் வருவார்கள், அன்றைக்கே வரட்டும் என்றார்.

இன்னொரு பக்கம் ஃப்ளோரன்ஸின் அண்ணன் கஸ்பார். காசிமேட்டில் சொந்தமாக மீன்பிடி லாஞ்சு வைத்திருக்கிறவர். அப்பா அம்மா இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். தன் மகன் சிலுவைமுத்துவுக்கு டோரதியைக் கேட்டிருந்தார். அண்ணன் தங்கை பிள்ளைகள் என்பதால் பிஷப்பின் அனுமதி வேண்டும், அதற்கும் சாமியாரைப் பார்த்துவிட்டார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வெற்றிலைபாக்கு மாற்ற வருவதாகப் பேச்சு. ஃப்ளோரன்ஸ் அண்ணன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னதே கிடையாது. அருள்நாதனுக்கும் உலகத்தில் இருந்த ஒரே தோஸ்து கஸ்பார்தான். லீவு நாளில் லாஞ்சு நிழலில் இருவரும் குந்திக்கொண்டு பீடி பிடிப்பார்கள். அதிகம் பேச்சு இருக்காது. அருள்நாதனுக்கு அது போதும்.

பல்கலைக்கழக நாளன்று அவர் கோதுமைக் கப்பலில் விடியவிடிய நின்றுவிட்டு வந்தார். தலையெல்லாம் மாவுத்தூசி. அன்றைய ராத்திரிக்கு லீவு சொல்லியிருந்தார். டோரதி முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஃப்ளோரன்ஸ் சட்டைக்குப் பெட்டி போட்டு, வெந்நீர் விளாவி வைத்திருந்தாள்.

"செத்த கண்ணசந்துட்டுப் போறேனே," என்றார்.

"நீ அசந்தியானா பொழுதுதான் சாயும். குளிச்சிட்டு நாஷ்டா துன்னுட்டுக் கெளம்பு."

"நீயும் வாயேன், ஃப்ளோரி."

"நான் எதுக்கு? எனக்கு அங்க இன்னா கீது." இட்லிமேல் நேற்றைய வஞ்சிரக் குழம்பை ஊற்றினாள். "தோ பாருய்யா. அந்தம்மா வந்து கேக்கும். வூட்ல கல்யாணம் பேசிகினு கீறோம், அனுப்பறதுக்கு இல்லன்னு சொல்லிடு. இத்தினிதான். அங்க போயி கொழகொழன்னு நிக்காத."

"பாப்பா இன்னா சொல்லுது?"

"அது என்னிக்கு வாயத் தொறந்துது, இன்னிக்குத் தொறக்க? நீயாச்சி உம்பொண்ணாச்சி. சொல்லிட்டு வா."

இரண்டு பஸ் மாறினார். பாரிமுனை தாண்டியதும் கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. மாசி மாதத்து வெயில் இன்னும் ஏறவில்லை. பகலில் ஊர் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. இத்தனை சைக்கிள்களா, இத்தனை பெண்பிள்ளைகளா, இவர்களெல்லாம் தினமும் தான் தூங்குகிற நேரத்தில் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. கண்ணுக்குள் மணல் கிடந்தது. பார்க்கிறதெல்லாம் ஒரு ஓரத்தில் கரைந்தது.

பல்கலைக்கழக வாசலில் டோரதியின் சிநேகிதி ஜெரினா காத்திருந்தாள். மண்ணடிப் பெண். இவள் வாய்க்கு டோரதி எப்படிச் சிநேகிதியானாள் என்று அவர் பலமுறை யோசித்ததுண்டு.

"வாங்க அங்கிள். டோரதி பயந்து போய் உள்ளே உட்கார்ந்திருக்கா. அவ கட்டுரை மத்தியானம்தான். அதுவரைக்கும் நான் சுத்திக் காட்டறேன்."

"கட்டுரையா?"

"சொல்லலையா அவ? இந்த வருஷம் தமிழ்லயே விஞ்ஞானக் கட்டுரை படிக்கிற அரங்கு வச்சிருக்காங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல அவதான்."

அருள்நாதனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், தூங்கியிருப்பார்.

அதற்குப்பிறகு நடந்ததெல்லாம் கனவா நிஜமா என்று பின்னாளில் அவரால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. சிவப்புக் கட்டடங்களுக்கு நடுவே பந்தல் போட்டு வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். ஒரு அறையில் ஒரு பையன் கண்ணாடிக் குழாயைத் தொட்டதும் உள்ளே ஊதா நிறத்தில் வெளிச்சம் ஓடியது. இன்னொரு அறையில் சூரியனைப் பிடித்து ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் தோசை அளவுக்கு வைத்திருந்தார்கள், நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளியோடு. அருள்நாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தார். சூரியன் விரல்மேல் ஏறிக்கொண்டது. அங்கே நின்ற பையன் தடுக்கவில்லை, எல்லாருமே தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

பந்தலில் வாதப்போட்டி நடந்தது. மனிதன் நிலவுக்குப் போவது தேவையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள். தேவை என்றவன் பேசும்போது அருள்நாதனுக்குத் தேவை என்று பட்டது. தேவையில்லை என்றவள் பேசும்போது ஆமாம், பாவம் என்று பட்டது. கான்டீனில் ஜெரினா போண்டாவும் காப்பியும் வாங்கித் தந்தாள். காப்பி குடித்தும் தூக்கம் போகவில்லை, சூடாக இருந்தது அவ்வளவுதான்.

விலங்கியல் அறையில் திமிங்கலத்தின் விலா எலும்பு ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கண்ணாடித் தொட்டியில் எண்ணூர்க் கழிமுகத் தண்ணீர்.

"இது டோரதியோடது," என்றாள் ஜெரினா. "அமாவாசை வந்துட்டா வள்ளத்துல போயி இடுப்பளவு சேத்துல நின்னு எடுத்துட்டு வருவா."

"இதுல இன்னாமா கீது? தண்ணிதான் கீது."

"பார்த்தா தெரியாது அங்கிள். ஆளிக் குஞ்சு இருக்கு, சிப்பி வகை. தூசி மாதிரி."

அவர் தொட்டியில் முகத்தை வைத்துப் பார்த்தார். தன் முகம்தான் தெரிந்தது, கண் சிவந்து. இடுப்பளவு சேற்றில் தன் மகள் நின்றாள் என்பது அவருக்குப் புதிய சேதி. அந்த நாட்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

கட்டுரை அரங்கம் பெரிய கூடம். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள், உயரத்தில் மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெரினா அவரை நடுவரிசையில் உட்காரவைத்தாள். மேடைக்குக் கீழே நாற்காலியில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் இருந்தார். அவர்தான் வரலட்சுமி அம்மா என்று காட்டினாள். அருள்நாதன் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் கல்யாணம் பேசியிருக்கிறோம், அனுப்புவதற்கில்லை.

டோரதி மேடை ஏறினாள். ஊதா நிறப் புடவை. அது அவளுடையதா ஜெரினாவுடையதா தெரியவில்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று, "அனைவருக்கும் வணக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் வாழும் ஆளிகளின் இளமைப் பருவம் குறித்து..." என்று தொடங்கினாள். இங்கிலீஷ் இல்லை, ரேடியோவில் சேதி வாசிக்கிற மாதிரித் தமிழ். ஆனால் குரல் வீட்டுக் குரல்தான். அதே முணுமுணுப்பு. ஒலிபெருக்கியே அதைத் தூக்க முடியாமல் திணறியது. பின்வரிசையில் யாரோ, "கேக்கலை," என்றான். சில பேர் மேசையைத் தட்டினார்கள்.

அருள்நாதனுக்கு நன்றாகக் கேட்டது. கேட்டதுதான் வம்பாகிவிட்டது. இத்தனை வருஷமாக எந்தக் குரலில் தூங்கினாரோ அந்தக் குரல், திரை போட்ட இருட்டு, மேலே விசிறி. அவர் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. ஆளிக் குஞ்சு பிறந்ததும் நீரோட்டத்தில் மிதக்கும் என்றாள். அதற்குக் கண்கூட இல்லாத பருவம் என்றாள். எங்கே ஒட்டலாம் என்று தேடிக்கொண்டே போகும், நல்ல இடம் கிடைக்காவிட்டால் ஒட்டாமல் நாளைத் தள்ளிப்போடும் என்றாள். ஒருமுறை ஒட்டிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் நகர முடியாது என்றாள். அருள்நாதன் கப்பல்மேல் நின்றார். பள்ளத்தில் கோதுமைக்குப் பதிலாகத் தண்ணீர். வலை நிறையத் தண்ணீரை அள்ளி விஞ்சு தூக்குகிறது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, அதற்குள் தூசி தூசியாக என்னமோ மின்னுகிறது. கீழே ஊதாப் புடவையில் ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வலை அவள் தலைக்கு நேராக ஆடிக்கொண்டு வருகிறது.

அருள்நாதன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரித்தார்.

சத்தம் நின்றது. அந்த முணுமுணுப்பில் தூங்கிப் பழகியவருக்கு, அது நின்றதும் விழிப்பு தட்டியது. அவர் கண்ணைத் திறந்தார். கூடம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைகள் இன்னும் மேலேயே நின்றன. மேடையில் டோரதி பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு, அவருடைய கைகளைப் பார்த்தபடி நின்றாள். ஏன் என்று அவள் முகத்தில் கேள்வி இல்லை. வீட்டில் கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைக்கும்போது இருக்கும் அதே முகம்.

"மறந்து போச்சா?" என்று வரலட்சுமி அம்மா கீழேயிருந்து மெதுவாகக் கேட்டார். டோரதி இல்லை என்று தலையசைத்தாள். கையிலிருந்த தாள்களை மடித்தாள். இறங்கிப் போய்விடப் போகிறாள் என்று அருள்நாதனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது, அவளும் கேட்டுக்கொண்டுவிட்டாள். இனி வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. இவ்வளவு சுலபமாகவா ஒரு பெண்ணை நிறுத்திவிட முடியும்?

கைகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"பேசும்மா," என்றார். கூடம் பெரியது, ஆனால் ஹார்பர் தொண்டை. "நான் தூங்கல. முழிச்சிகினுதான் கீறேன். நீ நல்லா சத்தமா பேசு."

பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். யாரோ கைதட்டினான். டோரதி அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தாளைப் பிரித்தாள்.

அப்புறம் வந்த குரலை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. பெரிய குரல், கொஞ்சம் கரகரப்பாக, வாக்கியத்தின் முடிவில் லேசாக உடைந்தது. பின்வரிசையில் மேசை தட்டியவன் அடங்கிவிட்டான். இது யார் குரல், இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று அருள்நாதன் நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. தூக்கம் இல்லாததால் என்று பக்கத்திலிருந்தவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்கூடத் தவறவிடவில்லை. புரிந்ததா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் புல்வெளியில் நாடகத்துக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் அருள்நாதன் நின்றார். மரத்தின் பெயரைச் சொல்லி ஜெரினா சிரித்துவிட்டுப் போனாள். வரலட்சுமி அம்மா அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உட்காருங்கோ. ராத்திரி வேலைன்னு டோரதி சொன்னா. சிரமப்பட்டு வந்திருக்கேள்."

"அதெல்லாம் இல்லம்மா."

"நான் நேராவே கேட்டுடறேன். அவளை அனுப்பறேளா?"

சொல்ல வேண்டியது தயாராக நாக்கில் இருந்தது. கல்யாணம் பேசியிருக்கிறோம். தூரத்தில் டோரதி தொட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பையனோடு போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

"அங்க ராத்திரியில வேலை இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கும். கடல் வத்தறதும் ஏறறதும் நம்ம சௌகரியத்துக்கா நடக்கறது? ஆனா தனியா இல்லை. பெண்கள் விடுதி இருக்கு, நானே ஆளைக் காட்டித் தரேன்."

"அப்போ பாப்பாவும் பகல்லதான் தூங்கும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மா, நான் வேணாம்னு சொல்றதுக்குத்தான் வந்தேன். வூட்ல அப்டித்தான் சொல்லி அனுப்பினாங்க. மத்தியானம் அசந்து தூங்கிட்டேன், தூக்கத்துல கை எழும்பிடுச்சி. அதப் பாத்து பாப்பா நின்னுடுச்சி. நான் தப்பா காட்டினாலும் நின்னுடும்மா. அதான் எனக்கு பயமா கீது. அனுப்பறேன். கூட்டிகினு போங்க."

வரலட்சுமி அம்மா கை கூப்பினார். அருள்நாதனும் கூப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவும் மகளும் கடல் பக்கமாக உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஹார்பரில் கப்பல்களின் கொடிமரங்கள் நின்றன.

"நைனா, மெய்யா சொல்லு. நீ தூங்கினியா?"

"ஆமா."

"எங்கேர்ந்து?"

"நீ வணக்கம் சொன்னியே, அப்பால கொஞ்சம்தான் கேட்டுது."

டோரதி சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு அடங்கினாள். "அம்மாகிட்ட இன்னா சொல்லுவ? மாமாகிட்ட?"

அருள்நாதன் ஜன்னல் பக்கம் திரும்பி, லாஞ்சு நிழலையும் கஸ்பாரின் பீடிக்கட்டையும் நினைத்துக்கொண்டார்.

ஃப்ளோரன்ஸ் பின்கட்டில் குந்திக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"அனுப்பறேன்னு."

டோரதி கதவோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ் ஒரு மீனை முழுசாக ஆய்ந்து சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் போட்டாள்.

"நான் போயிருந்தா வேணாம்னு சொல்லிட்டு வந்திருப்பேன்," என்றாள். "எங்கண்ணன் பேச்ச தட்ட எனக்கு நாக்கு வராது. அதாங்காட்டியும் உன்ன அனுப்பினேன். நீ சொல்லமாட்ட, எனக்குத் தெரியும்."

அருள்நாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பகலில் சரியாகப் பார்த்ததே இல்லைபோலிருந்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிகினு கீறது தப்பு," என்று எழுந்து கையைக் கழுவினாள். "இப்பவே போயி சொல்லிடலாம். நான் உன்னதான் திட்டுவேன். நீ ஒண்ணும் பேசக்கூடாது. இன்னா?"

"சரி."

கஸ்பார் லாஞ்சுக்குப் பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அருள்நாதனைக் கண்டதும் பீடிக்கட்டை எடுத்தார். அதற்குள் ஃப்ளோரன்ஸ் ஆரம்பித்துவிட்டாள். மாரில் அடித்துக்கொண்டு, தலைமயிர் அவிழ, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி. பாவி மனுசன் என்னக் கேக்காம வாக்கு குடுத்துட்டு வந்துட்டான். பொட்டப்புள்ளய ஊருவுட்டு ஊரு அனுப்பறான். எங்கண்ணன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன். இவனக் கட்டிகினு நான் இன்னா சொகத்தக் கண்டேன், பகல் பூரா பொணம் மாரி தூங்கறான், ராத்திரி பூரா கப்பல கட்டிகினு அழறான். வலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கஸ்பார் கயிற்றைக் கீழே போட்டார். தங்கையின் தலையில் கை வைத்து, "வுடும்மா," என்றார். "கட்டினவன் இப்டி கீறான், நீ இன்னா பண்ணுவ." பிறகு அருள்நாதனிடம் வந்தார். பீடிக்கட்டை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். "இனிமே இந்தப் பக்கம் வராத."

"சரி மச்சான்," என்றார் அருள்நாதன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ளோரன்ஸ் முன்னால் நடந்தாள். கரையில் இருந்தவர்கள் பார்க்கிறவரைக்கும் வேகமாக நடந்தாள். சந்து திரும்பியதும் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்பத் திட்டிட்டேனா?" என்றாள்.

"பத்தல," என்றார் அருள்நாதன்.